திரும்பி வருவேன் என்பதற்கு ஒரு தோப்பு

எனக்கென்று ஒரு சென்ட் நிலம்கூட இல்லை என்பதற்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன். அது 1998-இல். தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தமும் சிறுநீரும் சோதிக்கும் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அங்கேயே நர்ஸாக இருந்தவளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக வடுகபட்டியில் எங்கள் வீட்டில் சொன்னபோது அப்பா எழுந்து மாட்டுக்கொட்டத்துப் பக்கம் போய்விட்டார். அவள் எங்கள் சாதி இல்லை. அப்பாவுக்குப் பதிலாக அண்ணன்தான் பேசினார். அவருக்குப் பூண்டு வியாபாரம். எதையும் பேரம்போலவே பேசிப் பழகியவர்.

“ஏலே, கட்டிக்க. யாரும் ஒன்னையக் கயிறு போட்டு இழுக்கல. ஆனா நாளப்பின்ன காட்டுல பங்கு, வீட்டுல பங்குன்னு இங்கன வந்து நிக்கக் கூடாது. எழுதிக் குடுத்துட்டுப் போயிரு.”

எழுதிக் கொடுத்துவிட்டேன். விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். பெரியகுளம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது எனக்கு வருத்தமே இல்லை. ஏதோ பெரிய காரியம் செய்து முடித்தவன்போல இருந்தது. எதிரே பேக்கரி வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“வருத்தமா இருக்கா?” என்று கேட்டாள்.

“எதுக்கு?” என்றேன். வயது அப்படி.

அல்லிநகரத்தில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தோம். அவளுடைய அம்மா உத்தமபாளையத்தில் தனியாக இருந்தார். கணவரை இழந்தவர், இவள் ஒரே மகள். சர்க்கரை நோயால் காலில் புண் வந்து இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தபோது அவரையும் எங்களோடு கூட்டிவந்துவிட்டோம். அத்தை அதிகம் பேசமாட்டார். நான் வேலை முடிந்து வரும் சத்தம் கேட்டால் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

என் மனைவி நர்ஸிங் படித்தது கோட்டயத்தில். கூடப் படித்த மலையாளப் பெண்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து கடிதம் வரும், பிறகு போன் வரும். மருத்துவமனையில் நாங்கள் இருவரும் வாங்கிய சம்பளம் வாடகைக்கும் அத்தையின் வைத்தியத்துக்குமே போய்விடும். குழந்தையை “இப்ப வேணாம், கொஞ்சம் நிமிந்துக்கிருவோம்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். 2002-இல் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதலில் பயிற்சி, பிறகு நர்ஸ் பதவி. அந்த விசாவில் கணவனைக் கூட்டிப்போக அனுமதி இல்லை.

தேனியில் எல்லாரும் அதை லண்டன் என்றார்கள். லண்டனிலிருந்து ரயிலில் ஐந்து மணி நேரம் வடக்கே போக வேண்டிய ஊர் அது. “லண்டன்ல எப்படி இருக்காக?” என்று கேட்பவர்களைத் திருத்துவதை ஆறு மாதத்தில் விட்டுவிட்டேன்.

எங்கள் திட்டம் எளிமையானது. அவள் கொஞ்ச காலம் சம்பாதிக்கட்டும். வருடத்துக்கு மூன்று நான்கு மாதம் நான் விசிட்டர் விசாவில் போய் அவளோடு இருந்துவிட்டு வருவேன். மீதி மாதங்கள் அத்தையைப் பார்த்துக்கொள்வேன். அதற்குள் ஒரு குழந்தை. போகும்போது அவளுக்கு முப்பது வயது. நேரம் இருக்கிறது என்றே இருவரும் நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் போன் செய்வாள். அங்கே விடிந்துகொண்டிருக்கும். முதலில் அம்மாவோடு பேசுவாள், பிறகு என்னோடு. முதல் இரண்டு வருடம் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. 2004-இல் நான் விண்ணப்பம் போட்டேன். மருத்துவமனையில் கொடுத்த சான்று, வங்கிக் கணக்கு, அவள் அனுப்பிய அழைப்புக் கடிதம், கல்யாணப் போட்டோ. சென்னைக்கு இரண்டு முறை போய்வந்தேன். மூன்றாவது வாரம் மறுப்புக் கடிதம் வந்தது. இரண்டு பக்கம். உங்களுக்கு உங்கள் நாட்டில் வீடோ நிலமோ இல்லை, பிள்ளைகள் இல்லை, வருமானம் குறைவு, எனவே பயணம் முடிந்ததும் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு ஏற்படவில்லை என்று பெயர் தெரியாத ஓர் அதிகாரி எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.  

“சொத்து இல்லன்னுதான சொல்றாக?” என்றாள். “வாங்கிருவோம். உங்க பேர்ல.”

“யாரு காசுல?”

“நம்ம காசுலதேன். ஏன் இப்படிக் கேக்குறீங்க?”

அண்ணனிடம் எழுதிக் கொடுத்தது இருவருக்கும் அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். 

பெரியகுளம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த பத்திர எழுத்தரிடம்தான் போனேன். என் விடுதலைப் பத்திரத்தையும் எழுதியவர் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். “அன்னைக்கு விட்டுக்குடுக்க வந்தீக. இன்னைக்கு வாங்க வந்திருக்கீக. நல்லது, ஒக்காருங்க” என்றார். நிலம் எதற்கு என்று அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அப்படின்னா வில்லங்கம் இல்லாத எடமா, பட்டா சுத்தமா இருக்குறதாப் பாக்கணும். வெளையுதா வெளையலையாங்கிறது ரெண்டாம்பட்சம்” என்றார்.

அவர் காட்டியதுதான் கெங்குவார்பட்டித் தோப்பு. ஒன்றரை ஏக்கர், மலையடிவாரம், ஐம்பத்தெட்டு மாமரம், பாதி தூர்ந்த ஒரு கிணறு. விற்கிறவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தாள், மனைவியோடு அங்கே போய்விடப் போவதாகச் சொன்னார்.

“நீங்க விவசாயம் பாக்கத்தேன வாங்குறீக?” என்று என்னிடம் கேட்டார்.

“ஆமாண்ணே” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் என்னை அழைத்துக்கொண்டு மரம் மரமாக நடந்தார். இது கல்லாமை ரகம், இது காசா ரகம், இதற்குத் தண்ணீர் கூடினால் காய் வெடிக்கும், இந்த வரிசையில் செவ்வெறும்பு ஜாஸ்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். மேற்குக் கடைசியில் வளராமல் நின்ற மரத்தின் முன்னால் நின்று, “இங்கன மண்ணு மோசம். இதுக்கு மட்டும் ரெண்டு கொடம் கூடப் போடுங்க” என்றார். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். என் கவனமெல்லாம் சர்வே எண் நான்கு எல்லைக்கும் சரியாக இருக்கிறதா என்பதில்தான். அந்த மனிதரை ஏமாற்றியது இன்றைக்கும் உறுத்துகிறது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் விற்றுத்தான் இருப்பார். ஆனால் அப்படிச் சுற்றிக் காட்டியிருக்கமாட்டார்.

பதிவு நாளன்று அண்ணன் வந்திருந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. ஆறு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக நேருக்கு நேர் பார்க்கிறேன். தலை பாதி நரைத்திருந்தது. சட்டையில் பூண்டு வாசம் அப்படியே இருந்தது.

“பொண்டாட்டி காசுல காடு வாங்குன மொத ஆளு நம்ம வம்சத்துல நீதேன்” என்றார்.

 அவர் பதிலுக்காக நிற்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

பிறகு காகிதங்கள். பட்டா மாற்ற வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு எத்தனையோ நடை. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை குத்த வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். ‘மேல்படியான் மேற்படி சொத்தை ஆண்டு அனுபவித்து’ என்ற இடத்தில் அவர் ஒரு மணி நேரம் திணறினார். தோப்பில் நான் நிற்பதாகப் போட்டோவும் வேண்டும் என்று விசா ஏஜென்ட் சொன்னான். தேனி ஸ்டூடியோக்காரரைக் கூட்டிப்போனேன். பேன்ட் சட்டையில் மரத்தடியில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, “சார், இப்படி நின்னா எடம் பாக்க வந்த ஆளு மாதிரி இருக்கு” என்று தன் துண்டை எடுத்து என் தோளில் போட்டார். “இப்ப சிரிங்க.” அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நானே எனக்கு விசா கொடுக்கமாட்டேன்.

2005-இல் மறுபடி விண்ணப்பித்தேன். மறுபடி மறுப்பு. நீங்கள் குறிப்பிட்ட நிலம் விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்புதான் வாங்கப்பட்டிருக்கிறது, அதற்கான பணம் உங்களை அழைக்கும் மனைவியிடமிருந்து வந்திருக்கிறது, எனவே இந்த விண்ணப்பத்துக்காகவே இது வாங்கப்பட்டதாகக் கருதுகிறேன் என்று எழுதியிருந்தது. அந்த அதிகாரியைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவர் எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அழுதாள். அதற்கு முன்பு போனில் அழுததில்லை.

“இன்னும் என்னதாங்க செய்யணுமாம்? எம் புருசன் எங்கூட மூணு மாசம் இருக்கணும்னு கேட்டா அது குத்தமா?”

“அடுத்த வருசம் போட்டுப் பாப்போம். நெலம் பழசாயிரும்ல.”

“நெலம் பழசாகும். எனக்கு வயசாகாதா?”

 ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றேன். அத்தை கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோப்பை விற்றுவிடலாமா என்று ஒருமுறை அவளே கேட்டாள். வேண்டாம், அடுத்த விண்ணப்பத்துக்கு உதவும் என்றேன். அப்போது அது உண்மைதான். ஆனால் அந்த வருடத்தில்தான் நான் வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறிக் கெங்குவார்பட்டிக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் வெறுமனே எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். பிறகு ஆள் விட்டுக் கிணற்றில் தூர் வாரினேன். மேற்குக் கடைசி மரத்துக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். வாரம் ஒரு நாள் இரண்டு நாளானது. மருத்துவமனையில் காலையிலிருந்து ஐம்பது அறுபது பேர் வந்து கையை நீட்டுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஊசியை எடுத்ததும் போய்விடுவார்கள். தோப்பில் அப்படி இல்லை. போன வாரம் செம்புநிறத்தில் விட்ட தளிர் இந்த வாரம் பச்சையாகியிருக்கும். கேட்க யாரும் இல்லாததால் இதையெல்லாம் அத்தையிடம் சொல்வேன். அவர் உம் கொட்டுவார். ஞாயிற்றுக்கிழமை போனில் மனைவியிடமும் சொல்ல ஆரம்பித்தேன். தொடக்கத்தில் ஆசையாகக் கேட்டாள்.

2006-இல் அவளுக்கு மூன்று வார லீவு கிடைத்து வந்தாள். நான்கு வருடம் கழித்துப் பார்க்கிறோம். மதுரை விமான நிலையத்தில் என்னைத் தாண்டி இரண்டு எட்டு போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள். நான் அவ்வளவு கறுத்திருந்தேன். வந்த மூன்றாம் நாளே அத்தையின் கால் மோசமாகி, முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மூன்று வாரத்தில் இரண்டு வாரம் எங்களுக்கு மருத்துவமனை வராந்தாவிலேயே போனது. பெஞ்சில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போவாள். நர்ஸ் யாராவது வந்தால் பதறி எழுந்து, அம்மாவின் கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்ப்பாள்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது தோப்பைப் பார்க்க வேண்டும் என்றாள். மதிய வெயில். காய் இறங்கி முடிந்த மாதம். என் பின்னாலேயே மெதுவாக நடந்து வந்தாள். நான் ஒவ்வொரு மரமாகச் சொல்லிக்கொண்டு போனேன். எனக்குச் சொல்லித் தந்தவர் சொன்ன வார்த்தைகளையே சொல்கிறேன் என்பது பாதி வழியில்தான் எனக்கே தெரிந்தது.

ஒரு காசா மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தோம்.

“இங்கன வந்தா உங்க மொகமே மாறிருது” என்றாள்.

பிறகு தன் விஷயத்தைச் சொன்னாள். முதியோர் இல்லத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாறிவிட்டாள். இப்போது அவளுடைய விசாவில் கணவனை நிரந்தரமாகவே கூட்டிக்கொள்ளலாம். நிலம் வேண்டாம், சொத்து வேண்டாம், போட்டோ வேண்டாம். கல்யாணச் சான்றிதழ் போதும்.

“அம்மாவுக்கு முழு நேரமும் ஆள் வெச்சுருவோம். இல்லன்னா மதுரையில நல்ல ஹோம் இருக்கு, விசாரிச்சுட்டேன். நீங்க வந்துருங்க. அங்கன லேப்ல உங்களுக்கும் வேல கெடைக்கும்.”

“அத்தைய இந்த நெலமையில விட்டுட்டா?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்று அப்போது எனக்கும் தெளிவாகத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

“யோசிங்க” என்று மட்டும் சொன்னாள்.

யோசித்தேன். அதாவது, தள்ளிப்போட்டேன். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும் என்றேன். மருத்துவமனையில் ஆள் இல்லை என்றேன். அத்தைக்குக் காய்ச்சல் என்றேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் போனை வைத்ததும் அத்தை கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டார்.

“மாப்ள, இங்கன வாங்க.”

போய் நின்றேன்.

“என்னையச் சாக்குச் சொல்லாதீக.”

“அப்படியெல்லாம் இல்ல அத்தை.”

“எனக்குக் காலுதேன் போச்சு, காது போகல. அவ ஒத்தையில கெடக்கா. நீங்க இங்கன மரத்துக்குத் தண்ணி பாச்சிக்கிட்டு இருக்கீக. என்னைய எங்கன வேணாலும் கொண்டுபோய் விடுங்க. நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன். ஆனா அவகிட்ட எம் பேரச் சொல்லாதீக.”

அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. நான் அடுப்படிக்குப் போய் வேலை இருப்பதுபோலப் பாத்திரங்களை எடுத்து வைத்தேன். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நிச்சயம் திரும்பி வருவேன் என்று நம்பவைக்க வாங்கிய நிலம் அந்த அதிகாரியை நம்பவைக்கவில்லை. என்னை மட்டும்தான் நம்பவைத்திருக்கிறது. அண்ணனிடம் எழுதிக் கொடுத்த பிறகு, என் பெயரில் இருந்த முதல் மண் அது. அவள் காசில் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்காமல், மூன்றாவது முறையாக விசிட்டர் விசாவுக்கே போட்டேன். முதலில் வந்து பார்க்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். இந்த முறை கிடைத்துவிட்டது. நிலம் பழசாகியிருந்தது. தோப்பின் காய்களை வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டு வந்த வருமானத்துக்கு ரசீதுகள் இருந்தன. அத்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துவிட்டு 2007 டிசம்பரில் போனேன். நாற்பது நாள்.

அவளுடைய ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவள் வருவாள் என்று காத்திருந்தேன். அவள் காரில் வந்தாள், அவளே ஓட்டிக்கொண்டு. எனக்காக வாங்கி வைத்திருந்த கனத்த கோட்டை அங்கேயே போட்டுவிட்டாள். தோள் அளவு சரியாக இல்லை. “மூணு வருசத்துக்கு முன்னால வாங்குனது” என்றாள். முதல் விண்ணப்பம் போட்டபோது வாங்கியிருக்கிறாள்.

இரண்டு அறை வீடு. ஜன்னலுக்கு வெளியே ஈரமான செங்கல் சுவர். மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அவள் வேலைக்குப் போனால் பன்னிரண்டு மணி நேரம். நான் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடப்பேன். அவளுடைய தோழிகள் வந்தார்கள், அவளைப் பெயரில் பாதியை வைத்துக் கூப்பிட்டார்கள். நான் அறியாத வேடிக்கைகளுக்கு எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வாள். அதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். அவள் நல்லபடியாகத்தான் இருந்தாள். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவன் நான்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு காகிதத்தை நகர்த்தினாள். மருத்துவப் பரிசோதனை முடிவு. காகிதத்தை வாசிக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், அது என் தொழில். எண்களைப் பார்த்ததுமே தெரிந்தது.

“இனிமே கொழந்தன்னா கஷ்டம்னு சொல்லிட்டாக” என்றாள். “முப்பத்தஞ்சு முடிஞ்சுருச்சுல்ல. விசா கெடைக்காத அந்த மூணு வருசம் சேந்து இருந்திருந்தா ஒருவேள...” நிறுத்திக்கொண்டாள். “யாரையும் சொல்லல. சொல்லணும்னு தோணுச்சு.”

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. “இங்கயே இருந்துருங்களேன். பேப்பர் மாத்திக்கலாம். வக்கீல்கிட்டக் கேட்டுட்டேன்” என்றாள்.

அந்த நேரத்தில் சொல்வதற்கு எத்தனையோ வார்த்தைகள் இருந்தன. நான் சொன்னது இதுதான்: “தை பொறந்துருச்சு. பூ வந்திருக்கும். மருந்தடிக்க ஆள் இல்ல.”

அவள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

“சரி” என்றாள். “மரத்துக்கு நீங்க வேணும்.”

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து இரண்டு தட்டையும் எடுத்துக் கழுவினாள். வெந்நீரின் ஆவியில் ஜன்னல் முழுக்கப் பனி படிந்தது. அந்தக் குழாய்ச் சத்தம் நிற்கும்வரை நான் நாற்காலியிலேயே இருந்தேன். சொன்ன தேதியில் சொன்ன விமானத்தில் ஊர் திரும்பினேன். நான் திரும்பி வந்தேனா என்று யாரும் சரிபார்க்கவில்லை.

2009-இல் அத்தை இறந்தார். காலையில் காபி கொடுக்கப் போனபோது உடம்பு ஜில்லிட்டிருந்தது. மகள் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். இந்த முறை அவள் வேறு நிறத்தில் ஒரு பாஸ்போர்ட்டோடு வந்தாள். முந்தைய வருடமே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தாள். போனில் சொல்லியிருந்தாள், ஆனால் நேரில் அந்தப் பாஸ்போர்ட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நானே பேச்சை எடுத்தேன். “தோப்ப ஒன் பேருக்கு எழுதிர்றேன். ஒன் காசு. எம் பேர்ல இருக்குறது ஞாயமில்ல.”

வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். “சரி, எழுதுங்க” என்றாள். தன்னுடையதாக இந்த ஊரில் ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அம்மாவும் போய்விட்டார்.

இருவரும் பெரியகுளம் போனோம். பத்திர எழுத்தருக்கு வயதாகியிருந்தது. எங்களை உட்காரவைத்து டீ வாங்கிவரச் சொன்னார். தான செட்டில்மென்ட் எழுத வேண்டும் என்றேன். அவளுடைய அடையாளச் சான்றைக் கேட்டார். அவள் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். அட்டையைப் பார்த்ததும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“எழுத முடியாது தம்பி. இவுக இப்ப வெளிநாட்டுப் பிரஜை. வீடுன்னா பரவால்ல. விவசாய நெலத்தக் கிரயமாவும் வாங்க முடியாது, தானமாவும் வாங்க முடியாது.”

“வேற வழியே இல்லையா?” என்று அவள் கேட்டாள்.

“வாரிசுபடி வந்தா வாங்கிக்கலாம்மா.”

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. “அப்படின்னா, இவரு செத்தாத்தேன் எனக்கு வருமா?”

“அப்படிச் சொல்லாதீகம்மா. சட்டத்துல உள்ளதச் சொன்னேன்” என்று அவர் பதறினார். டீ வந்தது. மூன்று பேரும் குடித்தோம்.  கிளம்பும்போது அவர் காசு வாங்கவில்லை.

தேனி பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். லட்சுமிபுரம் தாண்டியதும் சொன்னாள்: “உங்க பேர்லயே இருக்கட்டும். நீங்கதான பாத்துக்கிட்டீங்க.”

“ஒனக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கு.”

“இனிமே எனக்காக ஒண்ணும் செய்ய வேணாம். எனக்காகக் காத்திருக்கவும் வேணாம்.” கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினாள். “கோர்ட்டுல போய் நம்ம ரெண்டு பேரையும் பிரிச்சு எழுதணும்னா சொல்லுங்க, வர்றேன். எனக்கு அது வேணும்னு இல்ல.”

“எனக்கும் வேணாம்” என்றேன்.

“அப்ப விடுங்க.”

இரண்டு பேருக்கும் நடுவில் அவளுடைய கைப்பை இருந்தது. பதினோரு வருடக் கல்யாணம். அதில் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததைச் சேர்த்துப் பார்த்தால் நாலேகால் வருடம் வரும். சண்டை போட்ட ஞாபகமே எனக்கு இல்லை. ஒருமுறையாவது போட்டிருக்கலாம் என்று அந்தப் பஸ்ஸில் தோன்றியது.

அடுத்த வாரம் போய்விட்டாள். அத்தையின் புடவைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். வீட்டில் நான் ஒருவன்தான். வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது அடுப்படியில் சத்தம் வருகிறதா என்று காது போகும்.

ஞாயிற்றுக்கிழமை போன் அதன் பிறகும் ஒரு வருடம்போல வந்துகொண்டிருந்தது. பேச விஷயம் குறைவு. அங்கே என்ன குளிர், இங்கே என்ன சமையல். 2010 நடுவில் ஒருநாள், வார்டு மாற்றிவிட்டார்கள், இனி சனிக்கிழமை ராத்திரி டியூட்டி, காலையில் வந்ததும் தூங்கிவிடுவேன் என்றாள்.

“முடியுறப்பப் பண்றேன். சரியா?”

“சரி. ஒடம்பப் பாத்துக்க.”

“நீங்களும்.”

அதன் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் பதினொரு மணிவரை வீட்டிலேயே இருந்தேன். போனுக்காகத்தான் இருக்கிறேன் என்று நானே ஒப்புக்கொள்ளாமல் துணி துவைப்பேன், அலமாரியைத் துடைப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. அது விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மணி பத்துகூட ஆகவில்லை. வத்தலக்குண்டு பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்து கெங்குவார்பட்டிக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன்.